ஆசிரியத் தொழிலுக்கு மூன்று வாயில்கள்



நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலே, பிள்ளையைப் பயிற்சியிற் சேர்த்துவிட்டால் அரசுப் பள்ளி உத்தியோகம் உறுதியென்றெண்ணி, பருத்தி விளையும் நிலத்தை அடமானம் வைப்போர் உளர். அவ்வெண்ணம் பிழையாம். கடக்கவேண்டிய வாயில்கள் மூன்று.

முதலாவது பயிற்சி. மேல்நிலைக் கல்வி முடித்தோர் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஈராண்டு பயின்று தொடக்கக் கல்விப் பட்டயம் பெறலாம், பட்டதாரிகட்குப் பி.எட். உண்டு.

இரண்டாவது தகுதித் தேர்வு. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தையொட்டி நம் மாநிலத்தில் 2012-இல் தொடங்கியது. முதல் தாள் ஐந்தாம் வகுப்பு வரையிலும், இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரையிலும் கற்பிப்போர்க்கு உரியன. மதிப்பெண் 150, அவற்றுள் தமிழுக்கு 30. ஆகவே தாய்மொழிதானே என்று தமிழைப் புறக்கணிப்பவர் இழப்பது சிறிதன்று.

மூன்றாவது நியமனத் தேர்வு. தகுதி பெற்றோரும் இதனைத் தனியே எழுதுதல் வேண்டுமென 2018-ஆம் ஆண்டு அரசாணை 149 விதித்தது. தகுதி வேறு, நியமனம் வேறு.

இவ்விரு தேர்வுகளையும் நடத்துவது ஆசிரியர் தேர்வு வாரியமே. ஆதலின், உத்தியோகம் வாங்கித் தருவேனென்னும் தரகர் கையிற் பொருள் கொடுத்து ஏமாறற்க. அத்தேர்வுகளில் வென்ற நம்மவர், ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, ஆண் பெண் இருபாலார்க்கும் பழைய வினாத்தாள்களைப் பயிற்றுவிப்பாராக! நிலமும் மிஞ்சும், கல்வியும் ஓங்கும்.