வண்டி வாசலுக்கு வருவதற்கு முன்னே கேளுங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

 

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். குழுவில் சேர்ந்து பதினோரு வருசம் ஆகிறது. மேடையில் பேசிப் பழக்கமில்லை, அதனால் எழுதி வைத்துத்தான் பேசுகிறேன். எனக்குக் கொடுத்த தலைப்பு, "ஒருத்தரை வேலைக்குக் கூப்பிடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்". கொத்தனார், வெல்டர், எலக்ட்ரீசியன், கல்யாணத்துக்குச் சமையல் மாஸ்டர் என்று எத்தனையோ பேரை நாம் கூப்பிடுகிறோம். எல்லாத்தையும் பேசினால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். அதனால் நம்ம வேடசந்தூர் பக்கத்தில் ஒரே ராத்திரியில் அதிகப் பணம் போகிற வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது போர் போடுவது.

முதலில் நம்ம குழுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு உறுப்பினர் 5,000 ரூபாய் உள்கடன் கேட்டால் என்னென்ன கேட்கிறோம்? எதுக்குக் கடன், எத்தனை தவணை, பழைய கடன் பாக்கி இருக்கா, வீட்டில் சம்மதமா, கட்ட முடியாமல் போனால் என்ன செய்வே. இத்தனையும் கேட்டு, தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் கை மாறுகிறது. வருசக்கணக்கில் கூட உட்கார்ந்திருக்கிற நம்ம சொந்த அக்காவிடமே அத்தனை கேள்வி. அதே அக்கா லட்ச ரூபாய் வங்கிக் கடன் வாங்கி, முன்னே பின்னே பார்க்காத ஒரு ஆளிடம் கொடுக்கும்போது, "ஆம்பளைங்க பேசிக்குவாங்க"ன்னு நாம் உள்ளே போய்விடுகிறோம். கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் இல்லை நாம். அந்தப் பழக்கத்தை வாசல் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் குழுவில் ஒரு அக்கா. பேர் வேண்டாம், அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். வங்கி இணைப்புக் கடனில் ஒரு லட்சம் எடுத்து, 80,000 ரூபாயைப் போருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். ஏஜெண்டிடம் பேசியது அடிக்கு இவ்வளவு என்று ஒரு ரேட்டு மட்டும்தான். சாயங்காலம் வண்டி வந்தது. 400 அடி வரைக்கும் வெறும் பொடி. "இன்னும் ஒரு 100 அடி போனா வந்துரும்"னு சொன்னார்கள். போனார்கள். மறுபடி அதே பேச்சு, மறுபடி 100 அடி. விடியும்போது 820 அடி, ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. பில்லு 1,12,000. மீதிப் பணத்துக்குத் தோடு அடகுக்குப் போனது. அந்தத் தண்ணியில்லாத குழிக்கு மாதாமாதம் தவணை கட்டினார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த அக்காவை ஏமாற்றினார்கள் என்று சொல்லவும் முடியவில்லை. அவர்கள் ஓட்டிய அடிக்குத்தான் காசு வாங்கினார்கள். பேசி வைத்துக்கொள்ளாத எல்லா விசயத்துக்கும் அவர்கள் சொன்னதே கணக்கு ஆகிவிட்டது. அதிலிருந்துதான் நாங்கள் கேள்விகளை எழுத ஆரம்பித்தோம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒன்று. நாம் யாரோடு பேசுகிறோம்? போனில் பேசுவது ஏஜெண்ட். வண்டி வேறு ஒருத்தருடையது. திருச்செங்கோட்டு வண்டி நாடு முழுக்கப் போகிறது, ஓட்டுகிறவர்களும் பல ஊர்க்காரர்கள், வட மாநிலப் பையன்களும் உண்டு. நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் யாரைக் கேட்பது, பணத்தை யார் கையில் கொடுப்பது, பில்லு யார் பேரில் வரும் என்பதை முதலில் கேளுங்கள். பாயிண்ட் பார்க்கிறவரிடமும் ஒன்று கேளுங்கள்: "வண்டியையும் நீங்களே கூட்டிட்டு வர்றீங்களா?" அடி கூடக் கூட அவருக்கும் காசு என்றால், எத்தனை அடியில் தண்ணி என்று அவர் சொல்வதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையில் நிலத்தடி நீர் பார்க்கும் கருவி இருக்கிறது. கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். தேங்காயில் நம்பிக்கை இருக்கிறவர்கள் அதையும் பாருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு. ரேட்டு எத்தனை அடி வரைக்கும்? இந்தக் கேள்வியில்தான் பெரிய பணம் இருக்கிறது. சொல்கிற ரேட்டு பெரும்பாலும் ஆரம்ப அடிகளுக்கு மட்டும். அதுக்கு மேல் ஒவ்வொரு 100 அடிக்கும் ரேட்டு ஏறும். கணக்குக்காக அடி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 அடி வரைக்கும் அந்த ரேட்டு, அதற்குமேல் 100 அடிக்கு ஒருதரம் 10 ரூபாய் கூடும் என்றால், 600 அடிக்கு எவ்வளவு? 60,000 என்று நினைப்போம். முதல் 300 அடிக்கு 30,000, அடுத்து 11,000, பிறகு 12,000, பிறகு 13,000. மொத்தம் 66,000. கடன் எடுப்பதற்கு முன்னே இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

மூன்று. அடிக் காசு தவிர வேறென்ன? கேசிங் பைப் தனிக் காசு. மேல் மண் சரியாமல் இருக்க, கெட்டிப் பாறை வரைக்கும் பைப் இறக்குவார்கள். அடி என்ன விலை, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா, எத்தனை அடி இறங்கியது என்பதை யார் அளப்பது என்று கேளுங்கள். போர் நாலரை இஞ்சா, ஆறரை இஞ்சா என்றும் கேளுங்கள். நாலரை இஞ்சில் பெரிய மோட்டார் இறங்காது. வண்டி வந்து போகிற வாடகை, ஆட்களுக்குப் பேட்டா, சாப்பாடு இதெல்லாம் ரேட்டுக்குள்ளேயா, வெளியேயா?

நான்கு. ஆழத்தை எப்படி அளப்பது? ராடு எண்ணித்தான். வேலை தொடங்கும் முன் ஒரு ராடு எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ராடு ஒன்று இறங்கினால் சுவற்றில் ஒரு கரிக்கோடு. இது பத்தாவது கூடப் படிக்க வேண்டியதில்லை, பால் கணக்கு எழுதுகிற மாதிரிதான். வேலை முடிந்து ராடை வெளியே எடுக்கும்போது இன்னொரு தரம் எண்ணலாம்.

ஐந்து. எங்கே நிறுத்துவது? இதை அவர்களிடம் கேட்பதற்கு முன் நம்ம வீட்டில் கேட்க வேண்டும். தண்ணி வந்தாலும் வராவிட்டாலும் அடிக் காசு கொடுத்தே ஆக வேண்டும். அதனால் எத்தனை அடி வரை நம் பணம் தாங்கும் என்று பகலில், பசியாறின வயிற்றோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நடு ராத்திரியில், அந்தச் சத்தத்தில், இவ்வளவு போட்டாச்சே என்ற ஆசையில் எடுக்கிற முடிவு சரியாக வராது.

ஆறு. கடைசியில் எழுத்தில் என்ன கொடுப்பீர்கள்? மொத்தம் எத்தனை அடி, கேசிங் எத்தனை அடி, ஊத்து எந்த அடியில் கிடைத்தது, எத்தனை இஞ்ச் தண்ணி, எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். நாளைக்கு மோட்டார் இறக்க வருகிறவர் முதலில் கேட்பது இதைத்தான்.

ஏழு. அனுமதியும் மூடியும். 2019 அக்டோபரில் பக்கத்து மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை, பயன்பாட்டில் இல்லாத போர்க்குழியில் விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தீபாவளிக்கு நம்ம வீடுகளில் யாரும் டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது: போர் போடுவதற்கு 15 நாளைக்கு முன் எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும், வண்டி பதிவு பெற்றதாக இருக்க வேண்டும், வேலை நடக்கும்போது சுற்றி வேலி, முடிந்ததும் பைப்பைச் சுற்றி சிமெண்ட் மேடை, வாய்க்கு இரும்பு மூடி, கைவிட்ட போரை மண், கல் போட்டுத் தரை மட்டம் வரை மூட வேண்டும். தமிழ்நாட்டில் 2015-ல் ஊராட்சிகளுக்குத் தனி விதியும் வந்தது. அதனால் கேளுங்கள்: "வண்டி பதிவுச் சான்று இருக்கா? மூடி யாரு போடுறது? தண்ணி வரலைன்னா குழியை யாரு மூடுறது, எப்ப மூடுறது?" மூடி போடாமல் வண்டி வாசலைத் தாண்டக்கூடாது. மற்றக் கேள்விகள் பணத்துக்கு. இது பிள்ளைகளுக்கு.

போன வருசம் எங்கள் வீட்டில் போர் போட்டபோது இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதி வைத்துக் கேட்டேன். ஏஜெண்ட் எங்க வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். எங்க வீட்டுக்காரர், "கடன் அவ பேர்லங்க, அவகிட்டயே சொல்லுங்க" என்றார். பிறகு ஒழுங்காகப் பேசினார். இன்னொரு ஏஜெண்ட் அதற்கு முன்பே, "இவ்வளவு கேள்வி கேட்டா வண்டி வராதும்மா"ன்னு போனை வைத்துவிட்டார். அவர் வராததே நல்லது என்று என் அத்தை சொன்னார்.

எங்கள் அளவு 500 அடி என்று முடிவு செய்திருந்தோம். அன்று ராத்திரி குழுவிலிருந்து இரண்டு பேர் துணைக்கு வந்து உட்கார்ந்தார்கள். 500 அடியில் ஒரு இஞ்ச் தண்ணிதான். "இன்னும் 100 அடி" என்ற பேச்சு வந்தது. எங்க வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் ஆசைதான். ஆனால் தாளில் 500 என்று இருந்தது, நிறுத்தச் சொன்னோம். கணக்குப் பார்க்கும்போது டிரைவர் 27 ராடு என்றார். 20 அடி ராடு. என் சுவற்றில் 25 கோடு, கூட இருந்த அக்கா நோட்டிலும் 25. சண்டை எதுவும் போடவில்லை. "மேலே எடுக்கும்போது எண்ணிக்கலாம் தம்பி" என்றோம். எண்ணினால் 25. அவரும் ஒத்துக்கொண்டார். 40 அடிக் காசு மிச்சம்.

அந்தத் தண்ணி தோட்டத்துக்குப் பத்தாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கும் வீட்டுக்கும் கீரைப் பாத்திக்கும் போதும். எடுத்த 75,000-க்குள் வண்டிக் கணக்கு முடிந்தது, தவணை ஒன்றும் தவறவில்லை, நகை பெட்டியிலேயே இருக்கிறது.

கேள்வி கேட்பது என்றால் சண்டை பிடிப்பது இல்லை. ராத்திரி முழுக்கத் தூசியில் நிற்கிற அந்தப் பையன்களுக்கு டீயும் சாப்பாடும் மனசார கொடுங்கள். பேசிய பேட்டாவைக் குறைக்காதீர்கள். நல்ல வேலைக்காரருக்கு கேள்வியால் நஷ்டமில்லை.

எங்கள் குழுவில் இப்போது ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். போருக்குக் கடன் கேட்கிற உறுப்பினர், கேள்வியும் பதிலும் எழுதிய தாளைக் கடன் மனுவோடு கொடுக்க வேண்டும். வண்டி வருகிற ராத்திரி இரண்டு உறுப்பினர் கூட இருக்க வேண்டும். கூட்டமைப்பில் உள்ள எல்லாக் குழுக்களும் இதே தீர்மானத்தை எடுத்தால் நல்லது என்று தலைவி அக்காவிடம் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். கொத்தனாருக்கும் வெல்டருக்கும் இதே கேள்விகள்தான்: யார், எவ்வளவு, எதெல்லாம் சேர்த்து, யார் அளப்பது, எங்கே நிறுத்துவது, எழுத்தில் என்ன, யாருக்கும் ஆபத்தில்லாமல் முடிப்பது யார் பொறுப்பு.

820 அடி போட்ட அக்கா இன்றைக்கு இங்கே வந்திருக்கிறார். போன மாதம்தான் கடைசித் தவணையைக் கட்டினார். எங்கள் வீட்டில் அன்று ராத்திரி நோட்டு வைத்துக்கொண்டு ராடு எண்ணியது அவர்தான். அவருக்கு எல்லோரும் ஒரு கைதட்டுங்கள்.