கசியாத கியர் பெட்டி

பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் குடியேறிவிட்ட நம்மில் பலருக்கு, ஊருக்குச் செல்லும் நெடும்பயணமே வண்டிக்கு வைக்கும் பெரும் சோதனை. மும்பையிலிருந்து திருநெல்வேலி 1,500 கிலோமீட்டருக்கும் அதிகம். அத்தகைய பயணம் ஒன்றுக்கு முந்திய வாரம், எங்கள் பழைய வண்டி நின்ற இடத்தில் சிவப்பாக நாலைந்து சொட்டுக்களைக் கண்டோம். தானியங்கிக் கியர் பெட்டியின் அடியில் எண்ணெய் தாங்கும் தட்டு ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் அதைச் சம்ப் என்பார்கள். தட்டுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள காஸ்கெட் வழியே எண்ணெய் கசிந்தது. உடனே ஸ்பானரை எடுத்துப் போல்ட்டுகளை வலுக்கொண்ட மட்டும் முறுக்கினோம். மறுநாள் சொட்டு ஒழுக்காயிற்று!

இவ்வகைக் கியர் பெட்டியில் எண்ணெய் தேய்மானத்தைத் தடுப்பதோடு நிற்பதில்லை. எஞ்சினின் விசை அதன் வழியேதான் செல்கிறது. கிளட்சுகளை இறுக்குவதும் அதன் அழுத்தமே. அளவு குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், கிளட்சு வழுக்கும், பின்பு கருகும். ஆகவே சில சொட்டுத்தானே என்று இருத்தல் ஆகாது. (ஏ.எம்.டி. எனப்படுவது வேறு. 2014-இல் செலேரியோ வண்டியில் வந்த அது, சாதாரணக் கியர் பெட்டியை இயந்திரம் மாற்றித் தரும் ஏற்பாடே. இங்குச் சொல்வது அதற்குப் பொருந்தாது.)

நாங்கள் செய்த பிழை யாது? தட்டு மெல்லிய இரும்புத் தகடு. போல்ட்டை மிகையாக முறுக்கினால், துளையைச் சுற்றி விளிம்பு மேலே குவிகிறது. இரு போல்ட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. தக்கையாலான காஸ்கெட் பிதுங்கிக் கிழிகிறது. பின்னர் எத்தனை புதுக் காஸ்கெட் போட்டாலும், விளிம்பு நேராகாத வரையில் கசிவு நிற்காது.

இனி வேலையைப் பார்ப்போம். கசிவு தட்டிலிருந்துதான் வருகிறதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். அடிப்பகுதியைத் துடைத்துவிட்டுச் சிறிது ஓட்டிப் பார்த்தால், ஈரம் தோன்றும் மிக உயரமான இடமே கசிவின் மூலம். குளிர்விப்பானுக்குச் செல்லும் குழாயின் கசிவும் தட்டில் வந்து சேரக்கூடும் அன்றோ?

வண்டியை ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. எண்ணெய் ஆறிய பின், ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை முதலில் கழற்றித் தட்டைச் சாயவிட்டால் எண்ணெய் ஒழுங்காக வடியும். வடிந்ததை அளந்து வைத்தல் நலம். தட்டிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு இருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள் இருந்தால் காஸ்கெட்டோடு வேலை முடியாது.

பழைய காஸ்கெட்டைச் சுரண்டுவதில்தான் பொறுமை வேண்டும். பெட்டி அலுமினியம், இரும்புக் கத்தி பட்டால் கீறல் விழும், அக்கீறலே நாளைய கசிவு. பிளாஸ்டிக் சுரண்டியே போதும். நூல் உதிரும் துணியும் கூடாது. விளிம்பை மரக்கட்டையின்மேல் வைத்து, குவிந்த பக்கத்தை மெல்லத் தட்டிச் சமமாக்க வேண்டும். வார்ப்பு அலுமினியத் தட்டாயின் சுத்தியல் படலாகாது.

புதுக் காஸ்கெட்டை உலர்ந்த நிலையிலேயே வைக்க வேண்டும். கிரீஸும் சிலிக்கானும் தடவினால் தக்கை வழுக்கிப் பிதுங்கும். காஸ்கெட்டே இல்லாமல் பசையால் ஒட்டும் வண்டிகளும் உண்டு. அவற்றின் முறை தனி. போல்ட்டுகளை முதலில் விரலால் திருகி, பிறகு நடுவிலிருந்து வெளிநோக்கி எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். கைப்புத்தகம் சொல்லும் விசை பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். சக்கர நட்டுக்கு வேண்டுவதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. இதற்கு டார்க் ரெஞ்சை இரவல் வாங்குவதில் வெட்கம் வேண்டாம்.

வடிந்த அளவே, கைப்புத்தகம் குறித்த வகை எண்ணெயை ஊற்றினோம். பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியர்களிலும் ஒருமுறை மாற்றி, அளவைச் சரிபார்த்தோம். பயணத்தின் முதல் இரவு ஹூப்ளியில். வண்டிக்கடியில் ஓர் அட்டையை விரித்துவிட்டு உறங்கினோம். விடியலில் அட்டை உலர்ந்திருந்தது.