முப்பதுக்குமேல் மாணாக்கன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் நம் அங்கத்தவர் ஒருவர் என்னிடம் வந்தார். கந்தோரில் எழுதுவினைஞர், வயது முப்பத்திரண்டு, ஒரு பிள்ளைக்குத் தகப்பன். பட்டம் படித்து ஆசிரியராக வேண்டுமென்பது அவர் விருப்பம். "இந்த வயதிலே வாங்கிலே போய் இருக்கப்போறியோ, தம்பி?" என்று அவருடைய அம்மான் பேச்சை முடித்துவிட்டாராம். அன்று யான் விடை சொல்லவில்லை. அந்த அம்மானும் இச்சபையில் இருக்கிறாரென்று அறிந்தே இன்று சொல்லுகிறேன்.

வழியில்லையென்று சொல்வதற்கில்லை. 1980 இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொழில் பார்ப்போர்க்கும் இடமளிக்கின்றது. நம்மவர்க்கு இது புதுமையுமன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1857 இல் பி. ஏ. பட்டம் பெற்று, உத்தியோகத்திலிருந்துகொண்டே 1871 இல் பி. எல். பரீட்சையிற் சித்தியெய்தினார், பின்னர் கும்பகோணத்தில் வழக்கறிஞரானார். ஆயினும் அம்மான் சொன்ன அந்த வாங்கின் சங்கடத்தை நன்கு காட்டுவது அல்பேட் சுவைற்சரின் வரலாறு.

அல்சாஸிற் பிறந்த சுவைற்சர் 1905 இல், தமது முப்பதாம் வயதில், ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் விரிவுரையாளர்; தேவாலயத்திற் போதகர்; ஓகன் வாத்தியத்திற் பேர்பெற்றவர். ஆபிரிக்காவில் கபோன் நாட்டு மக்கள் வைத்தியரின்றி வருந்துவதை அறிந்து, வைத்தியராகவே அங்கு செல்லத் துணிந்தார். பெற்றோர்க்கும் நண்பர்க்கும் கடிதம் எழுதி ஒக்டோபர் 13 இல் பாரிஸில் தபாலிற் சேர்த்தார். கற்ற வித்தையை மண்ணிற் புதைக்கிறாயே என்று நண்பர்கள் வாதாடினர். பெயர் பதியச் சென்றபோது மருத்துவபீடத் தலைவர் தம்மை மனநோய் வைத்தியரிடம் ஒப்படைக்கவே விரும்பியிருப்பாரென்று சுவைற்சரே பின்னாளில் எழுதினார்.

ஒரு சிக்கலும் எழுந்தது. பல்கலைக்கழகத்து ஆசிரியர் அங்கேயே மாணவராகப் பதிய விதியில்லை. வெறுமனே கேட்போராயிருந்தாற் பரீட்சைக்கு உரிமையில்லை. ஈற்றிற் பேராசிரியர்கள் தருஞ் சான்றுகளைக்கொண்டு அவரைப் பரீட்சைக்கு ஏற்க அரசாங்கம் இசைந்தது. அப்பேராசிரியர்களும் தம்மோடு ஒத்தவரென்று கட்டணம் வாங்காமலே பாடங்கேட்க விட்டனர். விதியை வளைத்துக்கொடுத்த அந்தப் பெரியவர்களை யான் மறப்பதில்லை.

விரிவுரையையும் போதனையையும் விடாமலே அவர் உடற்கூறும் இரசாயனமும் பயின்றார். இருபது வயதின் ஞாபகசக்தி இப்போது இல்லையென்பது விரைவிலே தெரிந்தது. மற்றை மாணவர்கள் கூட்டமாகக் கூடிப் பரீட்சை வினாவிடைகளை உருப்போட்டனர். தாம் விஞ்ஞானத்தைக் கற்க வந்தவரேயன்றிப் பரீட்சைக்கு நெட்டுருப் பண்ண வந்தவரல்லர் என்று சுவைற்சர் விலகியிருந்தார். பரீட்சைக்குச் சில வாரங்களே இருக்க, தோழர்கள் வற்புறுத்தி அவரையும் அக்கூட்டத்திற் சேர்த்தனர். சேர்ந்தார், சித்தியடைந்தார். தம்பி, வயதுவந்தவன் வாங்கில் இருப்பதென்பது இதுதான். இருப்பது கடினமன்று, பக்கத்திலிருக்கும் இளையவனிடம் கேட்பதுதான் கடினம்.

பணத்தின் முடை அவரையும் விடவில்லை. இறுதிப் பரீட்சைக் கட்டணத்தை 1911 இல் மியூனிக் நகர இசைவிழாவில் ஓகன் வாசித்துத் தேடினார். அடுத்த ஆண்டு அவரை மணந்த ஹெலீன் அம்மையார் அவருக்கு உதவியாகத் தாதித்தொழில் கற்றிருந்தார். வீட்டார் துணை அதுவன்றோ! 1913 இல் இருவரும் லம்பரேனே சென்றனர். அங்கே அவர் நோயாளரைப் பார்க்கக் கிடைத்த முதலிடம் ஒரு பழைய கோழிக்கூடு.

1911 டிசெம்பரிற் கடைசிப் பரீட்சை முடிந்த இரவு, பரீட்சகரான சத்திரவைத்தியப் பேராசிரியர் அவரோடு கூட நடந்து வந்தார். உன் உடம்பு நல்ல உடம்பாயிருந்தபடியாலேயே இதைச் செய்து முடித்தாய் என்ற கருத்துப்படச் சொன்னாராம். எனவே தம்பி, சம்பளத்தையும் செலவையும் கணக்கிட்டுக் கொண்டுவந்து காட்டினாயே, அந்தத் தாளில் நித்திரைக்கும் ஒரு வரி ஒதுக்கிக்கொள். மிச்சத்தை அம்மானோடு யான் பேசிக்கொள்ளுகிறேன்.