மூப்பும் மறதியும்



ஒரகடம் ஆலைகளுக்குப் பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின், வீட்டில் தனித்திருப்போர் முதியோரே. புதுச் சாலையில் வழி தவறுதல் எவர்க்கும் நேரும். பிறந்த தெருவிலேயே வழி தவறினால் அது நோயின் அறிகுறி. ‘வயதாகிவிட்டது’ என்று நாம் வாளாவிருத்தல் தகாது.

அறுபது வயது கடந்த இந்தியரில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் உண்டென 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. எழுத்தறியாதவரை ஏட்டுத் தேர்வால் மட்டும் அளத்தல் முறையன்று. ஆகவே சென்னையிலும் வேலூரிலும் ஆய்வாளர்கள், அன்றாட வேலைகளை முன்போல் செய்கிறாரா என்று வீட்டாரையும் வினவினர். அதே வினாவை நாமும் நம் இல்லங்களில் எழுப்புவோம்.

இரத்தக் கொதிப்பும் நீரிழிவும், காது கேளாமையும், தனிமையும் இந்நோய்க்கு இடந்தருவன. முதலிரண்டுக்கும் உரிய மாத்திரைகள், 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் வீடு தேடி வருகின்றன. தனிமைக்கு மருந்து நம்மிடமே உள்ளது. வேலை முடிந்து வந்ததும் அவர்களருகே சற்று அமர்ந்து பேசுவோம்.