புட்டர் கிரிப் நேரா உட்காரணும்

உங்க புட்டர் பக்கத்துல இருந்தா எடுத்துக் கையில வச்சுக்கிட்டே கேளுங்க. கட்டைவிரல் ரெண்டும் படுற இடத்தை லேசா தடவிப் பாருங்க. பிசுபிசுப்பா இருக்கா, இல்ல கண்ணாடி மாதிரி வழுக்குதா? ரெண்டுல எதுவா இருந்தாலும் அந்த கிரிப்போட ஆயுசு முடிஞ்சிருக்கலாம். இன்னைக்கு அதை வீட்டுலயே மாத்துறது எப்படின்னு சொல்றேன்.

நம்ம ஊர் வெயிலுக்கு ரப்பர் சீக்கிரம் செத்துடும். மே மாசம் நந்தனம் காஸ்மோ கோல்ஃப் மைதானத்துல காலையில ஏழு மணிக்கு முதல் அடி அடிச்சாலும், மூணாவது குழிக்குள்ள கை நனைஞ்சிடும். வியர்வை உப்பு, சன்ஸ்கிரீன், கைல இருக்கிற எண்ணெய் எல்லாம் ரப்பர்ல ஏறும். அப்புறம் பையைக் கார் டிக்கியில போட்டுப் பூட்டிட்டு ஆபீஸுக்குப் போயிடுவோம். அந்தச் சூட்டுல ரப்பர் இறுகிப்போகும். முதல்ல ஒரு தடவை சோப்புத் தண்ணியும் பழைய பல் துலக்குற பிரஷ்ஷும் வச்சுத் தேய்ச்சுக் கழுவுங்க. வெறும் அழுக்குன்னா பிடிமானம் திரும்ப வந்துடும். வரலைன்னா மாத்த வேண்டியதுதான்.

இந்தச் சின்ன வேலைக்கு ஏன் தனியா ஒரு பேச்சுன்னு கேட்கலாம். பார் 72 கோர்ஸ்ல, குழிக்கு 2 அடின்னு 36 அடியை கிரீனுக்கே ஒதுக்கியிருக்காங்க. ஆட்டத்துல பாதி. அந்தப் பாதி முழுக்க நம்ம உடம்பு மட்டையைத் தொடுற ஒரே இடம் அந்தப் பத்து அங்குல ரப்பர்தான்.

இன்னொரு காரணமும் இருக்கு. அயர்ன், டிரைவர் கிரிப் எல்லாம் குறுக்குவெட்டுல வட்டமா இருக்கணும்னு கோல்ஃப் விதி சொல்லுது. முழு வட்டமா இருக்கிறதைக் கொஞ்சம் திருப்பி மாட்டினாலும் கைக்குத் தெரியாது. புட்டருக்கு மட்டும் விதி விலக்கு குடுக்குது. வட்டமா இல்லாத கிரிப் போடலாம், கட்டைவிரல் வைக்க ஒரு தட்டைப் பக்கம் இருக்கலாம். அந்தத் தட்டைப் பக்கம்தான் நம்ம கைக்கு வழிகாட்டி. கண் தெரியாதவர் சுவரைத் தடவிக்கிட்டு நடக்கிற மாதிரி, கை அந்தத் தட்டையைத் தடவித்தான் மட்டை முகம் எங்க பார்க்குதுன்னு புரிஞ்சுக்குது. அது கோணலா உட்கார்ந்துட்டா, கைக்குத் தினம் தினம் தப்பான வழியைச் சொல்லிக்கிட்டே இருக்கும்.

எனக்கு அது நடந்தது. முதல் தடவை நானே கிரிப் மாத்தினப்போ சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் காலையில ஒரு போட்டி. மொட்டை மாடியில மங்கலான விளக்கு வெளிச்சத்துல, அவசர அவசரமா மாட்டிட்டுப் படுத்துட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம், பத்தடி தூரத்துப் புட் எல்லாம் இடது பக்கமா உரசிக்கிட்டுப் போச்சு. நிக்கிற விதத்தை மாத்தினேன். பந்தை ஒரு அங்குலம் முன்னாடி வச்சுப் பார்த்தேன். கண்ணு சரியில்லையோன்னு டாக்டர்கிட்ட கூடப் போனேன். கடைசியில ஒருநாள் என் பையைத் தூக்கிக்கிட்டு வந்த கேடி அண்ணன் புட்டரை வாங்கி, மட்டையோட மூக்கு, அதாவது டோ பக்கம், வானத்தைப் பார்க்கிற மாதிரிப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு நீளவாக்குல பார்த்தார். "சார், கிரிப் திரும்பியிருக்கு"ன்னார். அவ்வளவுதான். ரெண்டு மாசக் குழப்பமும் அங்கேயே தீர்ந்துடுச்சு.

கணக்கைப் பாருங்க. கோல்ஃப் குழியோட விட்டம் 108 மில்லிமீட்டர். நடுவுல இருந்து விளிம்புக்கு 54. மட்டை முகம் 1 டிகிரி திரும்பியிருந்தா, 3 மீட்டர் தூரத்துல பந்து ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் விலகும். அதாவது நடுவைப் பார்த்து அடிச்ச பந்து விளிம்புக்குப் போயிடும். 2 டிகிரின்னா குழியைத் தொடவே தொடாது. கிரிப் மேற்பரப்புல அந்த 1 டிகிரி எவ்வளவு தெரியுமா? கால் மில்லிமீட்டர் அளவுதான். அதனால ஒட்டுற வேலையை எவ்வளவு வேகமா வேணும்னாலும் செய்யுங்க, நேர் பார்க்கிற வேலையை மட்டும் நிதானமாச் செய்யுங்க.

எந்த கிரிப் வாங்குறதுன்னு ரொம்ப மண்டையைக் குடைஞ்சுக்க வேண்டாம். டைகர் உட்ஸ் பல வருஷமா பிங் நிறுவனத்தோட மெல்லிசான பிபி58 கிரிப்பைத்தான் போட்டு ஆடினார். ஜோர்டன் ஸ்பீத் 2015-ல மாஸ்டர்ஸும் யு.எஸ். ஓபனும் ஜெயிச்சப்போ அவர் புட்டர்ல இருந்தது அதை விடப் பருமனான சூப்பர்ஸ்ட்ரோக் கிரிப். ரெண்டுலயும் பந்து குழிக்குள்ளதான் போச்சு. மணிக்கட்டு ரொம்ப ஆடுதுன்னு தோணினா கொஞ்சம் பருமனானது உதவும். தூரம் கணிக்கிறதுல தடுமாறுறவங்களுக்கு, விரல்ல உணர்வு நல்லாத் தெரியுற மெல்லிசுதான் என் சிபாரிசு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: பழசை விடப் புதுசு எடை கூடுதலா இருந்தா, மட்டைத் தலை லேசானது மாதிரித் தோணும். முதல் ரெண்டு ரவுண்டு தூரம் கொஞ்சம் குழம்பும், பயப்படாதீங்க. வாங்கும்போது உள்துளை அளவையும் கேளுங்க. பெரும்பாலான புட்டர் ஷாஃப்டுக்கு 0.580 அங்குலம் சரியா இருக்கும்.

இனி சாமான். கொக்கி மாதிரி வளைஞ்ச பிளேடு, 2 அங்குல அகல டபுள் சைட் டேப், பெயின்ட் கடையில கிடைக்கிற மினரல் டர்பன்டைன் கால் லிட்டர், ஒரு பழைய தட்டு, துணி. பட்டறை வைஸ் இருந்தா நல்லது. அதுல ஷாஃப்டைச் சும்மா இறுக்காதீங்க, குழாய் நசுங்கிடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ரெண்டு சுத்து சுத்திட்டு, ஷாஃப்ட் திரும்பாத அளவுக்கு மட்டும் பிடிக்க வைங்க. அப்புறம் கொத்தனார் வச்சிருக்கிற ரசமட்டம், சின்னதா ஒண்ணு. ஏன்னு கடைசியில சொல்றேன்.

டர்பன்டைனுக்குப் பதிலாப் பெட்ரோல் ஊத்துறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். வீட்டுக்குள்ள பெட்ரோல் ஆவி நிக்கிறது உயிரோட விளையாடுற வேலை. டர்பன்டைனும் தீப்பிடிக்கிற சரக்குதான். பால்கனியில, மொட்டை மாடியில வச்சுச் செய்யுங்க. அடுப்பும் சாமி விளக்கும் பக்கத்துல எரியக் கூடாது. என்சி தின்னரும் வேண்டாம், ஷாஃப்ட் பெயின்டையும் சில கிரிப்போட ரப்பரையும் அரிச்சிடும்.

பழசைக் கழட்டுறது சுலபம். பிளேடை கிரிப்போட வாய்ப் பக்கம், அதாவது கீழ்நுனியில, கொக்கி போட்டு, உடம்பை விட்டு வெளிப் பக்கமா இழுத்துக்கிட்டே போங்க. ஒரே நீளமா கிழிஞ்சதும் வாழைப்பழத் தோல் மாதிரி உரிச்சு எடுத்துடலாம். ஷாஃப்ட் கிராஃபைட்டா இருந்தா பிளேடு நுனி உள்ளே படாம ரொம்பக் கவனமா இருங்க, கீறல் விழுந்த இடத்துல பின்னாடி முறியும். அடியில இருக்கிற பழைய டேப் வராம அடம்பிடிச்சா, ஹேர் டிரையரைக் கொஞ்ச நேரம் காட்டுங்க, இளகி வந்துடும். மிச்சப் பசையை டர்பன்டைன் தொட்ட துணியால துடைச்சுட்டு, ஷாஃப்டை நல்லாக் காய விடுங்க.

புது கிரிப்பை ஷாஃப்ட் பக்கத்துல வச்சு, அதோட வாய் எதுவரைக்கும் வருதுன்னு பார்த்து ஒரு சின்ன அடையாளம் போடுங்க. டேப் அதுக்கு அரை சென்டிமீட்டர் முன்னாடியே முடியணும், இல்லைன்னா வெளியே எட்டிப் பார்க்கும். டேப்பை நீளவாக்குல ஒட்டி ரெண்டு பக்கமும் மடிச்சுச் சுத்துங்க. ரெண்டு ஓரமும் சேர்ற இடம் கட்டைவிரல் பக்கம் வராம, அடிப்பக்கம் வரணும். நுனியில அரை அங்குலம் கூடுதலா விட்டு, அதை முறுக்கி ஷாஃப்ட் குழாய்க்குள்ள திணிச்சு அடைச்சிடுங்க. அடைக்கலைன்னா டர்பன்டைன் உள்ளே இறங்கிடும்.

டேப் மேல் காகிதத்தை உரிச்சாச்சு. இப்போ ஒரு நிமிஷம் நில்லுங்க. மட்டையை வைஸ்ல மாட்டுங்க, ஷாஃப்ட் தரைக்குச் சமமா படுத்திருக்கணும், மட்டைத் தலையோட மூக்கு நேரா மேல பார்க்கணும். மட்டை முகம் செங்குத்தா இருக்கான்னு பார்க்க, ஒரு நூல்ல நட்டு கட்டித் தொங்க விடுங்க, தூக்குக்குண்டு மாதிரி. அந்த நூலும் மட்டை முகமும் இணையா வர்ற வரைக்கும் ஷாஃப்டைத் திருப்பிச் சரி பண்ணுங்க. இதை ஈரம் படுறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும். இந்த நிலையில கிரிப்போட தட்டைப் பக்கம் வானத்தைப் பார்த்து மட்டமா இருந்தா அதுதான் நேர். கேடி அண்ணன் கண்ணால பார்த்ததை நாம நூல்ல பார்க்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி வேகம். கிரிப் நுனியில இருக்கிற சின்ன ஓட்டையை ஒரு கோல்ஃப் டீயால அடைச்சுட்டு, உள்ளே டர்பன்டைனைத் தாராளமா ஊத்துங்க. வாயை விரலால மூடிக் குலுக்கி, அந்த டர்பன்டைனை டேப் முழுக்க நனையுற மாதிரி ஊத்துங்க. கீழே தட்டு இருக்கட்டும். டீயைப் பிடுங்கிட்டு, கிரிப் வாயைக் கொஞ்சம் அமுக்கி ஷாஃப்ட் நுனியில ஏத்தி, ஒரே மூச்சுல தள்ளுங்க. பாதியில நிறுத்தினா அங்கேயே பிடிச்சுக்கும். நுனி மூடி ஷாஃப்ட்ல போய் இடிக்கிறது கையில தெரியும், அங்க நிறுத்தலாம்.

டேப் பிடிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் இருக்கு. ரசமட்டத்தைத் தட்டைப் பக்கத்து மேல குறுக்கா வைங்க. குமிழி நடுவுல வர்ற வரைக்கும் கிரிப்பைத் திருப்புங்க. கீழ்நுனியில ஒரு தடவை, மேல்நுனியில ஒரு தடவை வச்சுப் பாருங்க. சில சமயம் ஒரு முனை நேராவும் இன்னொரு முனை முறுக்கியும் இருக்கும், தள்ளும்போது ரப்பர் முறுக்கிக்கிறதால வர்றது அது. முறுக்கு இருந்தா அந்த முனையை மட்டும் பிடிச்சுத் திருப்பி விடுங்க.

அப்புறம் வைஸ்ல இருந்து எடுத்து, வீட்டுத் தரையில டைல்ஸ் சேர்ற கோட்டுல மட்டை முகத்தோட கீழ் விளிம்பை வச்சு, ஆடுற மாதிரி நின்னு மேல இருந்து பாருங்க. மட்டை முகம் ஒரு கோட்டோட ஒட்டி நின்னா, தட்டைப் பக்கம் அதைக் குறுக்கா வெட்டுற கோட்டுக்கு இணையா இருக்கணும். வலது கைக்காரங்களுக்கு, மேல இருந்து பார்க்கும்போது கிரிப் கடிகார முள் சுத்துற பக்கம் திரும்பியிருந்தா, கை அதை நேராக்கும்போது முகம் இடது பக்கம் போயிடும். என் ரெண்டு மாசக் கதை அதுதான்.

சுவர்ல சாய்ச்சு, வெயில் படாத இடத்துல ராத்திரி முழுக்க விட்டுடுங்க. மறுநாள் காலையில கையால முறுக்கிப் பாருங்க, அசையக் கூடாது. அப்புறம் அதே டைல்ஸ் கோட்டுக்கு முன்னாடி நின்னு, கண்ணை மூடிக்கிட்டுப் புட்டரைப் பிடிச்சுத் தரையில வைங்க, கண்ணைத் திறந்து முகம் எங்க பார்க்குதுன்னு பாருங்க. ஒரு பத்துத் தடவை. பெரும்பாலும் கோட்டோட சேர்ந்து வந்தா சரி. எப்பவும் ஒரே பக்கம் விலகினா, கிரிப்பை வெட்டி எறிய வேண்டாம். ரப்பர் கிரிப்பா இருந்தா, மருந்துக் கடையில ஒரு சிரிஞ்சும் ஊசியும் வாங்கி, டர்பன்டைனை ஊசி வழியா ரப்பருக்குள்ள நாலஞ்சு இடத்துல டேப் வரைக்கும் இறக்குங்க. கண்ணுல தெறிக்காம முகத்தைத் தள்ளி வச்சுக்கோங்க. பிடி இளகினதும் திருப்பி, ரசமட்டம் வச்சு, இன்னொரு ராத்திரி காய விடுங்க.