அவளுக்கு வசனம் எழுதுங்கள்



கூத்து பார்த்தே வளர்ந்த மாவட்டம் நம்முடையது, கீழ்பென்னாத்தூர் இலக்கிய அன்பர்களே. கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானைத் தந்த புரிசை இங்கேதான் இருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கர்ணமோட்சம் பார்த்தவர்கள் இந்தப் பந்தலில் நிறையப் பேர் இருப்பீர்கள். அடிபட்டுக் கிடக்கும் கர்ணனை மடியில் போட்டுக்கொண்டு குந்தி அழும்போது ஊரே சேர்ந்து அழும். அவனை ஆற்றிலிருந்து எடுத்து வளர்த்த ராதையை நினைத்து நாம் எத்தனை முறை அழுதிருக்கிறோம்?

அப்படி மறக்கப்படும் இன்னொரு தாயான வாடகைத் தாய் பற்றி இந்த ஊர் இளைஞர்கள் நாடகம் போடப் போவதாகச் சொன்னார்கள். வெளிநாட்டுத் தம்பதிக்காகப் பிள்ளை சுமக்கும் பெண்ணின் கதை. மனதாரப் பாராட்டுகிறேன். அவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு. அதைச் சொல்லும் முன் ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன்.

குஜராத்தில் ஆனந்த் என்றால் நமக்கு அமுல் பால் நினைவுக்கு வரும். அதே ஊரில் 2008 ஜூலை 25 அன்று ஒரு பெண்குழந்தை பிறந்தது. பிள்ளை கேட்டு வந்தது ஜப்பானியத் தம்பதி. கருமுட்டை கொடுத்தது முகம் தெரியாத ஒரு பெண். சுமந்து பெற்றது நம் நாட்டுப் பெண். பிரசவத்துக்கு முன்பே தம்பதி விவாகரத்து செய்துகொண்டார்கள். மனைவி குழந்தை வேண்டாம் என்றார், தகப்பன் வேண்டும் என்றார். மூன்று தாய்மார் சம்பந்தப்பட்ட அந்தக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் எழுத ஒரு தாயின் பெயர் இல்லை! பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஜப்பானியப் பாட்டி வந்து பேத்தியைப் பார்த்துக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்து, நவம்பரில்தான் குழந்தையால் ஜப்பான் போக முடிந்தது.

அந்தத் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். தகப்பன் இருக்கிறார், பாட்டி இருக்கிறார், வழக்குப் போட்ட தொண்டு நிறுவனம் இருக்கிறது. பத்து மாதம் சுமந்தவள் சொன்னதாக ஒரு வார்த்தை இல்லை. கணக்கு முடிந்தது, அவளை யாரும் கேட்கவில்லை.

அவளைப் போன்ற பெண்களிடம் கேட்டவர்களும் உண்டு. சமூகவியலாளர் அம்ரிதா பாண்டே குஜராத்தில் இந்தப் பெண்களோடு பல காலம் பேசிப் பழகி 2014-ல் புத்தகம் எழுதினார். இங்கிலாந்தில் சதிந்தர் சோஹன் எழுதிய ‘மேட் இன் இந்தியா’ நாடகம் 2017-ல் மேடையேறியது. பிள்ளை கேட்டு வரும் ஆங்கிலேயப் பெண், மருத்துவமனை நடத்தும் டாக்டரம்மா, சுமக்கும் கிராமத்துப் பெண் என்று மூன்றே பாத்திரங்கள்.

குஜராத்தில் அப்படிப் பிள்ளை சுமந்த பெண்களை மாதக்கணக்கில் விடுதியில் வைத்திருந்தார்கள். பெற்ற பிள்ளைகளே விருந்தாளி போல வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறாள் என்று ஊரில் சொல்லிவைப்பார்கள். நம் பக்கத்தில் பெங்களூரில் கட்டட வேலை என்று சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பிரசவம் முடிந்து பிள்ளை போய்விடும். பால் மட்டும் சுரக்கும். மார்பு கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும், மாத்திரை கொடுத்து வற்ற வைப்பார்கள். தாய்மார்களே, அந்த வலி என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு எந்த ஒப்பந்தத்தில் விலை போட முடியும்?

அவளை மறந்தது இங்கே மட்டுமல்ல. 2015 ஏப்ரலில் நேபாளத்தில் பூமி அதிர்ந்தது. அங்கே வாடகைத் தாய்களுக்குப் பிறந்திருந்த குழந்தைகளை இஸ்ரேல் விமானம் அனுப்பி எடுத்துச் சென்றது. அங்கே போய்ச் சுமந்தவர்களில் நம் நாட்டுப் பெண்களும் உண்டு. அவர்களை யார் தேடினார்கள்?

அதே ஆண்டு இந்தியா வெளிநாட்டவருக்கு இந்தக் கதவை அடைத்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் காசுக்குச் சுமப்பதையே குற்றமாக்கியது. மருத்துவச் செலவும் சட்டம் அனுமதிக்கும் பிற செலவுகளும் 36 மாதக் காப்பீடும் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. சட்டம் வந்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் டாக்டருக்கு ஃபீஸ் உண்டு, வக்கீலுக்கு ஃபீஸ் உண்டு, சுமப்பவள் மட்டும் தியாகம் செய்ய வேண்டும் என்பது என் மனதுக்கு ஒப்பவில்லை. அவள் வாங்கிய கடன் அப்படியேதான் இருக்கிறது. வியாபாரமும் நிற்கவில்லை. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டிலேயே ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியை, போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, பலமுறை கருமுட்டை எடுத்து விற்றது வெளியே வந்ததே!

கிட்னி விற்ற கதையும் இதுதான். 1994-ல் தடைச் சட்டம் வந்தது. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரிடம் பிறகு ஆய்வு நடந்தது. நூற்றுக்கு 71 பேர் பெண்கள். ஏறக்குறைய எல்லோரும் கடன் அடைக்கத்தான் விற்றார்கள். கடனுக்காக விற்றவர்களில் நாலில் மூன்று பேர் ஆய்வு நடந்த நாளிலும் கடனிலேயே இருந்தார்கள்.

பிள்ளைக்கு ஏங்குகிறவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். கோயில் மரத்தில் தொட்டில் கட்டிவிட்டு வருகிறவளின் வேதனை நமக்குத் தெரியும். அவளை வளைகாப்புக்குக் கூப்பிடாமல் ஒதுக்கி வைத்து, எந்த விலை கொடுத்தாவது ஒரு பிள்ளை வேண்டும் என்ற நிலைக்குத் தள்ளியதில் நமக்கும் பங்கு இருக்கிறது. அதையும் மேடையில் காட்டுங்கள்.

இப்போது என் கோரிக்கை. நாடகத்தை விமான நிலையத்தில் முடித்துவிடாதீர்கள் தம்பிகளா. பிள்ளை போன பிறகு அவள் வீடு திரும்பும் காட்சியிலிருந்து தொடங்குங்கள். புருஷன் என்ன கேட்கிறான், மாமியார் என்ன கேட்கிறாள், குழுக் கடன் தவணை வாங்க வருகிறவர் என்ன கேட்கிறார், அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று எழுதுங்கள். எழுதுவதற்கு இந்த ஊர்ப் பெண்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தவணை நாளன்று வாசலில் நடக்கும் பேச்சு அவர்களுக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது. நாடகம் முடிந்ததும் ஒரு டாக்டரையும் ஒரு வக்கீலையும் மேடையேற்றி, பெண்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வையுங்கள். ஒத்திகைக்குக் கூப்பிட்டால் நானும் வருகிறேன்.