வாசற்படி ஏறுவோம்



பெல்ஜிய நாட்டில் கேல் என்றோர் ஊர் உண்டு. மனநோயாளிகளின் பாதுகாவலியாம் புனித டிம்ப்னாவின் திருத்தலம் அது. அங்கு வேண்டுதலுக்கு வந்த நோயாளிகளுக்குக் கோயிலருகே இடம் போதாதபோது, ஊரார் தங்கள் வீடுகளில் இடமளித்தனர். பல நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கும் இவ்வழக்கத்தை 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோவும் சிறப்பித்தது.

இக்காலத்தில் அவ்வீட்டாரைத் தனியே விடுவதில்லை. மருத்துவமனை நர்ஸ் வீடு தேடிச் செல்கிறார். நோயாளியின் நிலையையும் வீட்டாரின் களைப்பையும் விசாரிக்கிறார். வேண்டும்போது மருத்துவரிடம் தெரிவிக்கிறார்.

நம் பங்கிலும் மகனை அறைக்குள் மறைத்துக் கண்ணீர் வடிக்கும் தாய்மார் உண்டு. குருவாகிய நாமும் ஆசீர் அளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்த வாசற்படி ஏறுவோம். அரசு மருத்துவமனைவரை துணையாகச் செல்வோம். மறுமாதமும் போய் விசாரிப்போம். ஆமென்.